நாளும் கணமும்

டெல்லியிலிருந்து வெளிவரும் இந்திய அரசிதழின் முகப்பில் இரண்டு தேதிகள் அச்சாகின்றன: ஒன்று ஆங்கிலத் தேதி, மற்றது சக ஆண்டுத் தேதி. 2025 ஆகஸ்ட் 15 அந்தக் கணக்கில் ஸ்ராவணம் 24, 1947. சுதந்திர தினத்துக்கு மறுபடியும் ஒரு 1947 வாய்த்தது தற்செயல்தான் என்றாலும் மனதைத் தொடுகிறது. ஒன்றை மற்றதாக மாற்ற இன்று கணக்கர் யாரும் வேண்டியதில்லை. தேதியையும் நேரத்தையும் வேண்டிய வடிவில் எழுதித் தரும் சின்ன மென்பொருள் லைப்ரரி ஒன்று போதும். கணினிக்குள் இருப்பது ஓர் எண் மட்டும்: 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி எண்ணி வந்த நொடிகள். 1,75,51,96,200 என்று கொடுத்தால் டெல்லிக்கு அது 2025 ஆகஸ்ட் 15, வெள்ளி, நள்ளிரவு 12 மணி. லண்டனுக்கு அதே எண் 14ஆம் தேதி வியாழன், மாலை 7:30. நம் பஞ்சாங்கத்தைக் கேட்டால், சூரியன் இன்னும் உதிக்கவில்லை, ஆகவே விசுவாவசு ஆண்டு ஆடி 29 முடியவில்லை, வியாழக்கிழமையும் போகவில்லை என்று சொல்லும்.

இதைப் பார்த்ததும் நம் மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடும்: மெய்யானது அந்த எண் ஒன்றே, தேதிகளெல்லாம் அதற்குப் போர்த்திய ஆடை, காலம் ஒன்று, நாமரூபம் பல. வேதாந்தம் படித்த நாட்டில் இந்த முடிவு இனிமையாகவே ஒலிக்கும். ஆனால் அது பிழை என்பதற்கு நிரலர்களின் தொழிலே சாட்சி சொல்கிறது. ஒருவர் பிறந்த தேதி மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு கணமாகச் சேமித்தால், இந்திய நள்ளிரவு என்பது கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை 6:30. கிரீன்விச் நேரத்தில் ஓடும் சர்வர் அதைத் திருப்பி எழுதும்போது பிறந்த நாள் மார்ச் 9 ஆகிவிடும். எண்ணில் ஒரு நொடிகூடத் தவறவில்லை, நாள்தான் தொலைந்துவிட்டது. இந்தியாவில் நிரல் எழுதுகிறவர்களில் இந்த ஐந்தரை மணி நேரத்தோடு மல்லுக்கட்டாதவர்கள் குறைவு. ஜாவா மொழி 2014இல் தன் கால லைப்ரரியைப் புதிதாக அமைத்தபோது கணத்துக்கு ‘இன்ஸ்டன்ட்’ என்றும், இடமும் மணியும் ஒட்டாத வெறும் நாளுக்கு ‘லோக்கல்டேட்’ என்றும் இரண்டு தனி வகைகளை வைத்தது. ஒன்றை மற்றதாக்க வேண்டுமானால் எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும். நாள் என்பது கணத்தின் இன்னொரு பெயராக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிரிவே தேவைப்பட்டிருக்காது.

கணம் எங்கும் ஒன்று. நாளோ ஓர் ஊரும், அதன் மேலிருக்கும் வானமும், அங்கே கூடி வாழும் மனிதரும் சேர்ந்து உண்டாக்குவது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று வகுத்ததில் நிலமும் பொழுதும் சேர்ந்தே நிற்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சமயங்கள் கட்டளையிடுவது பெரும்பாலும் நாளைப் பற்றித்தான். 2024இல் ஐப்பசி அமாவாசை அக்டோபர் 31 பிற்பகலில் பிறந்து மறுநாள் மாலை வரை நீடித்தது. அது தொடங்கிய கணத்தில் பெரிய தகராறு இல்லை. ஆனாலும் வடநாட்டில் சிலர் 31 இரவிலும் சிலர் நவம்பர் 1 இரவிலும் தீபாவளி விளக்கேற்றினார்கள். லட்சுமி பூஜைக்கு எந்த மாலையை எடுத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தமிழ்நாட்டுக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. ரமலான் இன்னும் தெளிவான சான்று. 29ஆம் நோன்பு மாலை டெல்லி ஜும்மா மசூதியின் அறிவிப்புக்காக ஊரே காத்திருக்கும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாம் நோன்பு. கேரளத்தில் ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் வந்துவிடுவதும் உண்டு. பிறை பிறக்கும் கணத்தை நொடி பிசகாமல் கணக்கிட முடியும்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2006 முதல் கணக்கையே ஏற்றுக்கொண்டுமிருக்கிறது. ஆனால் கணக்கை ஏற்பதா, கண்ணை ஏற்பதா என்ற முடிவைக் கணக்கு எடுத்துத் தராது. அதை ஒரு சமூகம் கூடித்தான் எடுக்கிறது.

வைசேஷிக தரிசனத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அவர்கள் நோக்கில் காலம் ஒன்று, நித்தியம், எங்கும் பரந்தது. நாள், மாதம் என்ற பிரிவுகள் சூரியன் முதலானவற்றின் இயக்கத்தால் அதன்மேல் ஏற்றப்பட்ட உபாதிகள். நாள் உபாதி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உபாதி என்றால் பொய் என்று ஆகாது. நோன்பும் திதியும் கடனும் வாக்குறுதியும் அந்த உபாதியில்தான் நிற்கின்றன. தந்தையின் திதியை ஒரு நாள் தள்ளிக் கொடுத்தவரிடம் ‘காலம் ஒன்றுதானே’ என்று சொன்னால் அவர் ஆறுதல் அடைவாரா? சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது காலத்தையே மாயையில் தோன்றிய தத்துவங்களில் ஒன்றாக, நியதிக்கும் கலைக்கும் பக்கத்தில் வைக்கிறது. அந்தக் கணக்கில் அடியில் கிடக்கும் நொடியும் ஆக்கப்பட்டதுதான். நொடிக்கு மட்டும் மெய்மைப் பட்டம் கட்டி, நாளைப் போர்வை என்று ஒதுக்க அங்கே இடமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு மேக்நாத் சாகாவினுடையது. 1952இல் அவர் தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாட்டில் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் புழங்குவதைக் கண்டது. பழைய வானியல் சித்தாந்த நூல்களின் கணக்கில் ஆண்டு சுமார் 24 நிமிடம் நீண்டுபோய், நூற்றாண்டுகளில் புத்தாண்டு பருவத்தைவிட்டு இருபத்துமூன்று நாள் விலகியதையும் எடுத்துக்காட்டியது. ஊருக்கொரு நாள் என்றால் தவறும் ஊருக்கு ஊர் பெருகும் என்ற அந்த அறிவியலாளரின் கவலை நியாயமானது. வானத்தைப் பற்றிய கூற்று தப்பாக இருந்தால் அதை மரபு என்று சொல்லிக் காப்பாற்றக் கூடாது. அந்த அளவில் சாகா பக்கமே நிற்கிறேன். குழு கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையில், உஜ்ஜயினியின் அட்சரேகையில் ஒரு மையப் புள்ளியைக் குறித்து, திதிகளை நாடு முழுவதற்கும் அங்கிருந்தே கணிக்கச் சொன்னது. சாகா 1956 பிப்ரவரியில் டெல்லியில் காலமானார். அடுத்த ஆண்டு மார்ச் 22 அன்று சக ஆண்டு 1879, சைத்ரம் 1 என்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தபோது அவர் இல்லை. கணக்கு திருந்தியது, அரசிதழில் ஏறியது. விளக்கேற்றும் மாலையை மட்டும் அந்த மையப் புள்ளியால் தீர்மானிக்க முடியவில்லை. அரசுக்கே இது தெரியும். மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விடுமுறைச் சுற்றறிக்கையில் ரமலான், பக்ரீத், மொகரம், மீலாது நபி ஆகியவற்றுக்கு டெல்லி அலுவலகங்களுக்கென்று ஒரு விதி உண்டு: பிறை தெரிவதைப் பொறுத்துத் தேதி மாற வேண்டியிருந்தால், டெல்லி அரசிடம் கேட்டறிந்து அறிவிக்கப்படும்.