பொது மீட்டரும் ஒப்புரவும்

திண்டுக்கல்லில் எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் பொருளாளர். கீழ்த்தளத் தூணிலிருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் யாரோ இரவில் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுகிறார்கள். தண்ணி மோட்டாரும் லிஃப்டும் ஓடுகிற பொது மீட்டரில் சேர்ந்தது அந்தப் பிளக். கூட்டத்தில் ஒருவர், "பூட்டுப் போட்டுரலாம் சார்" என்றார். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர் வேறென்ன சொல்வார்!

ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற ஸ்கூட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும். காருக்கு முப்பது நாற்பது ஆகலாம். வண்டியே இல்லாத மேல்மாடி அம்மா இதில் பங்கு தரவேண்டுமா என்பதுதான் அறக்கேள்வி. வள்ளுவர் ஈகைக்கு முன்னால், 22ஆம் அதிகாரமாக, ஊரோடு பகிர்ந்து உதவி வாழ்வதைச் சொல்லும் ஒப்புரவறிதலை வைத்தார். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருபவரிடம் அங்கே காசு கேட்பதில்லை. ஆனால் ஸ்கூட்டருக்குப் பசி கிடையாது. பொதுவில் எடுப்பவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

சொந்த மின் இணைப்பிலேயே வீட்டில் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை 2022இல் தெளிவாக்கிவிட்டது. அவரவர் மீட்டரிலிருந்து வயர் இழுக்கட்டும். வயர் போகும் குழாய், எர்த் இரண்டும் சங்கச் செலவு. லிஃப்டில் ஏறாத கீழ்வீட்டுக்காரரும் லிஃப்டுக்குப் பணம் தருகிறாரே! யூனிட் காசு மட்டும் அவரவர் பாடு.