தோற்றவன் வைத்த விலை

ஒரு பொருளின் அருமை விற்கிறவனுக்குத் தெரியவில்லை. வாங்க வந்தவனுக்குத் தெரிகிறது. வந்தவன் அதை வாய் திறந்து சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

கேட்பதற்கு இது பள்ளிக்கூட ஆண்டு விழாப் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. ‘சொல்லத்தான் வேண்டும்’ என்று ஒரு கட்சி மேசையைத் தட்டும். ‘வியாபாரத்தில் அதெல்லாம் பார்த்தால் முடியுமா?’ என்று எதிர்க்கட்சி கையை உதறும். நடுவர் இரு சாராரையும் பாராட்டிவிட்டு மாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். ஆனால் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது அப்படிப்பட்ட மேடையில் அல்ல. பொம்மை ரயில்களை ஏலம் விடுகிற இடத்தில்.

சிரிக்க வேண்டாம். தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்த கனவான்கள், ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட ரயில் எஞ்சினுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுக்கும் இடம் அது. இணையத்தில் நடக்கிற ஏலமானதால் கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுகிறவனும் இல்லை. இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகள் வைத்தியத் தொழில் செய்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பித்து உண்டு. அவர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது, மாலை வேளைகளில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆடுகிறவனைவிட வேடிக்கை பார்க்கிறவனுக்குச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும் என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பொம்மைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-ல் ‘மெக்கானோ’ விளையாட்டுச் சாமானுக்குக் காப்புரிமை பெற்றவர். அவருடைய தொழிற்சாலை 1920-ல் பொம்மை ரயில் செய்ய ஆரம்பித்தது. அவர் 1936-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1938-ல், அதே தொழிற்சாலையிலிருந்து ‘ஹார்ன்பி டப்லோ’ வெளிவந்தது. அசல் ரயிலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு ரயில்வேயையே நடத்திவிடலாம். சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின், மின்சாரத்தில் ஓடுகிற எஞ்சின் என்று இரண்டு வகை வந்தன. இடையில் யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்த பிறகு மின்சார எஞ்சின் திரும்பி வந்தது. சாவி எஞ்சின் வரவில்லை. ஆகவே இன்று சாவி எஞ்சினுக்கு மவுசு.

அந்த நாளில் டப்லோ ரயிலுக்குத் தண்டவாளம் இரண்டல்ல, மூன்று. மின்சாரத்துக்காக நடுவில் ஒன்று. அசல் ரயிலில் இல்லாத இந்த நடுத் தண்டவாளம் போட்டிக் கம்பெனிக்காரர்கள் சிலரிடம் கிடையாது. 1959-ல் ஹார்ன்பிக்காரர்களும் இரண்டு தண்டவாளத்துக்கு மாறினார்கள். ஆனால் பழைய பாதையை வீடு நிறைய வைத்திருக்கிற பிள்ளைகளைக் கைவிட முடியுமா? அவர்களுக்காகப் புதிய எஞ்சின்கள் சிலவற்றை மூன்று தண்டவாளத்துக்கும் சேர்த்துச் செய்தார்கள். பச்சை நிறத்தில் அழகான எஞ்சின் ஒன்று வந்தது. இரண்டு தண்டவாளத்தில் ஓடுவதற்குப் பெயர் ‘பார்ன்ஸ்டபிள்’. மூன்றில் ஓடுவதற்குப் பெயர் ‘டார்செஸ்டர்’. அடியைத் திருப்பிப் பார்க்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கவாட்டில் இருக்கும் நகக்கண் அளவுப் பெயர்ப் பலகையும் எண்ணுமே வித்தியாசம். பழைய பாதை வழக்கொழிந்து கொண்டிருந்த காலமாதலால் டார்செஸ்டரை வாங்கியவர்கள் கொஞ்சம். 1964-ல் கம்பெனியே போட்டியாளர் கைக்குப் போய்விட்டது. அன்று கடைக்காரர் அலமாரியில் தூசி படியக் கிடந்தது எதுவோ, இன்று அதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். சேகரிப்பு உலகத்தில் இது ஒரு விசித்திரம்: குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கித் தேய்த்த பொம்மை மலிவு, குழந்தைகள் வேண்டாமென்று ஒதுக்கியது கிராக்கி.

இப்போது விற்கிறவர்களைப் பாருங்கள். அவர்களில் வியாபாரிகள் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. மற்றவர்கள், தகப்பனார் காலமான பிறகு பரணை ஒழிக்கிற மகனோ மகளோ. ‘அப்பாவின் பழைய ரயில். பச்சை நிறம். ஓடுமா என்று தெரியாது’ என்று எழுதி, மங்கலான வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்த மூன்று வாக்கியத்தை வாசித்தால், ஒரு வீட்டில் என்ன நடந்து முடிந்திருக்கிறது என்பது கதை எழுதுகிறவனுக்கு விளங்கிவிடும். வாங்குகிறவருடைய கண்ணோ படத்தின் ஓரத்தில் தெரிகிற பெயர்ப் பலகையில் நிற்கிறது.

இந்த இடத்தில் ஏலத்துக்காக வாதாடுகிறவர் எழுந்து, “ஏலம் என்பதே இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் ஐயா இருக்கிறது!” என்பார். “விற்கிறவர் அறியாதவராக இருக்கட்டுமே. அறிந்தவர்கள் நாலு பேர் போட்டி போடுவார்கள். விலை தானே மேலே ஏறிவிடும். யாரும் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.”

நல்ல வாதம். முக்கால் பங்கு உண்மையும்கூட. மிச்சக் கால் பங்கில்தான் விஷயம் இருக்கிறது.

இணைய ஏலத்தின் சூட்சுமம் இது. நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை ரகசியமாக எழுதிவைத்து விடலாம். எதிராளி கேட்கக் கேட்க, உங்களுக்காக இயந்திரமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். ஆரம்ப விலை பத்துப் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 300 வரை எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவர் 120 வரை. பொருள் உங்களுக்கே, ஆனால் விலை 300 அல்ல, 120-க்கு மேல் இரண்டொரு பவுண்டு. இன்னொருவர் வரவே இல்லையென்றால்? பத்துப் பவுண்டோடு தீர்ந்தது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் வென்றவன் இரண்டாவது விலையைக் கொடுக்கிற இந்த மாதிரி ஏலத்தைப் பற்றி 1961-ல் எழுதினார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு, மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய கணக்கை நான் கற்றவன் அல்லன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்த ஏலத்தில் விலை வைக்கிறவன் வென்றவன் அல்லன், தோற்றவன். விற்கிற அம்மாளுக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தத் தோற்றவன் அன்றைக்கு வந்திருந்தானா என்பதைப் பொறுத்தது.

அவன் வராமல் போவதற்குப் பல வழி உண்டு. ஒன்று, மிகச் சுலபமானது: விற்கிறவர் ‘ஹார்ன்பி’ என்ற பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிடுகிறார். இணையத்தில் பெயரை அடித்துத் தேடுகிறவர்கள் கண்ணில் அந்தப் பொருள் படுவதே இல்லை. இப்படி எழுத்துப் பிழையுள்ள விளம்பரங்களாகவே தேடித் திரிகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, ஏமாற்றுவதில்லை, சட்டப்படி ஏலம் கேட்டுச் சட்டப்படி பணம் கட்டுகிறார்கள். இன்னொரு ரகத்தார், ‘எதற்கு ஏழு நாள் காத்திருக்கிறீர்கள்? ஏலத்தை நிறுத்திவிட்டு எனக்கே நாற்பது பவுண்டுக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று தனியே கடிதம் எழுதுகிறவர்கள். இவர்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தையில் மூன்றாம் மனிதர் காதில் விழாதபடி ஒருவரை மூலைக்கு அழைத்துப் பேசுவது என்ன நோக்கத்தோடு என்று யாருக்குத் தெரியாது? வழக்கு எழுத்துப் பிழைக்காரரைப் பற்றியதுதான்.

அது பழைய வழக்கு. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-ல் கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதன் மறுபக்கத்தை எடுத்துக்கொள்கிறார். ரோடஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்து கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். தீவு மக்களுக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டயோஜெனீஸ், ‘சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு’ என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், ‘மனிதன் மனிதனுக்குக் கடமைப்பட்டவன், சொல்லியே தீர வேண்டும்’ என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார்.

அமெரிக்க நீதிமன்றம் வேறு பக்கம் நின்றது. 1815 பிப்ரவரி 19-ந் தேதி, நியூ ஆர்லியன்ஸில், இங்கிலாந்தோடு சமாதானம் ஏற்பட்ட செய்தி ஆர்கன் என்ற வியாபாரிக்கு விடியற்காலையில் கிடைத்தது. ஊருக்குத் தெரியுமுன் போய் 111 பெரிய பீப்பாய்ப் புகையிலை வாங்கிவிட்டார். செய்தி பரவியதும் விலை முப்பது முதல் ஐம்பது சதவீதம் ஏறிற்று. விற்றவர், ‘விலையைப் பாதிக்கிற செய்தி ஏதாவது உண்டா?’ என்று கேட்டுமிருந்தார். வழக்கு 1817-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தலைமை நீதிபதி மார்ஷல், வாங்குகிறவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றார். ஆனால் சொல்லாலோ செயலாலோ ஏமாற்றியிருக்கக் கூடாது என்று கூறி, அதை விசாரிக்கத் திருப்பி அனுப்பினார். ஆகச் சட்டத்தின் முகத்தில் மௌனம் குற்றமில்லை.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. ஆர்கனுக்குத் தெரிந்தது ஒரு காலைச் செய்தி. என் நண்பருக்குத் தெரிந்ததோ முப்பது வருஷத்து உழைப்பு. யுத்தத்துக்கு முந்திய வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உப்பி வெடித்துப் பொடியாகும் என்பது அவருக்குத் தெரியும். நீலக் கோடிட்ட அட்டைப் பெட்டியில் எது அசல், எது பின்னால் அச்சடித்தது என்பது தெரியும். இந்த அறிவுக்குக் கூலி வேண்டாமா? வைத்தியர் தம் படிப்புக்குக் கட்டணம் வாங்கவில்லையா? என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்களேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு கிழவி தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். அது என்ன விலை போகும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கிற நாவலாசிரியனுக்குத் தெரியும். அவன் வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

ஆனாலும் வைத்தியர் தம் அறிவை நோயாளிக்காகச் செலவிட்டுத்தான் கூலி வாங்குகிறார். எழுத்துப் பிழைக்காரர் தம் அறிவை எதிரில் இருப்பவருக்கு விரோதமாகச் செலவிடுகிறார். நாலு பேர் கூடிய ஏலத்தில் மௌனமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே கேட்கிற விலையே ஒரு பேச்சுத்தான். ‘இது இவ்வளவு பெறும்’ என்று ஊரறியச் சொல்கிறார்கள் அல்லவா? ஒருவரும் இல்லாத ஏலத்தில் அந்தப் பேச்சு இல்லை. அங்கே ஏலம் வெறும் திரை. திரைக்குப் பின்னால் நடப்பது, அறிந்தவர் ஒருவரும் அறியாதவர் ஒருவரும் தனித்திருக்கிற பழைய கதை.

நான் அங்கே இருந்த மாதத்திலேயே அப்படி ஒன்று வந்தது. பெயரில் ஓர் எழுத்துக் குறைவு; ஆரம்ப விலை பதினைந்து பவுண்டு; முடிய இரண்டு நாள்; ஒருவரும் கேட்கவில்லை. மங்கலான படத்தில், டார்செஸ்டர். நண்பர் பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப் போயிற்று. பிறகு விற்கிறவருக்கு நாலு வரி எழுதினார்: பெயரில் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, பெயர்ப் பலகையின் பெயரைத் தலைப்பில் சேருங்கள், இதே எஞ்சின் முன்பு என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

மறுநாள் பதில் வந்தது. ஓர் அம்மாள். தகப்பனாருடைய ரயில் என்றும், தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றும், இவ்வளவு யோக்கியமாக எழுதியவரே எடுத்துக்கொள்ளட்டும், அவர் நியாயமென்று நினைக்கிற விலையைச் சொன்னால் ஏலத்தை நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருந்தாள்.

நண்பர் மறுத்துவிட்டார். எழுத்தைத் திருத்தினாள், கூட்டம் வந்தது. நண்பர் 250 வரை எழுதினார். 255-க்கு வேறொருவருக்குப் போயிற்று.

எனக்கு ஆற்றவில்லை. “ஓய், உண்மையைச் சொன்ன பிறகு மறைப்பு ஏது? அவளாகப் பிரியப்பட்டுக் கொடுத்தாள். 150 என்று சொல்லி வாங்கியிருந்தால் எந்த சிசரோ உம்மைக் கேட்டிருப்பார்?” என்றேன்.

“அவள் என் கடிதத்தைப் பார்த்தாள், விலையைப் பார்க்கவில்லை” என்றார் அவர். “நன்றி மிகுந்த நேரத்தில் மனிதர்களுக்குக் கணக்குத் தெரியாது. பதினைந்து பவுண்டுக்குக் கேட்டபோது எவ்வளவு தெரியாதோ, அதே அளவுதான்.”

“அப்படியானால் அன்பாகக் கொடுக்கிற எதையுமே வாங்கக் கூடாது என்று ஆகிறதே?”

“அவள் எனக்கு யார், அன்பாகக் கொடுக்க? நாலு வரி எழுதியவன். அந்த நாலு வரிக்கு நூறு பவுண்டு கூலி வாங்கச் சொல்கிறீர்.”

நான் ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. அளவுக்கு மீறிய நேர்மையில் கொஞ்சம் அகங்காரமும் கலந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து வேறோர் எஞ்சினுக்குச் சொட்டு விட ஆரம்பித்துவிட்டார். அலமாரியில் பச்சை எஞ்சினுக்கென்று விட்டு வைத்த இடத்தில் இப்போது தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைக்கிறார்.