புத்தியும் சடமோ?

கல்லூரிகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள், தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கம்பைலர் என்று பற்பல பாடங்களைக் கற்று, அவற்றுள் பெரும்பாலானவற்றை வேலைக்கான நேர்முகத் தேர்வை உத்தேசித்தே மனத்தில் இருத்திக்கொள்கிறார்கள். அது குறையன்று, பிழைப்பும் தர்மமே. ஆயினும் அந்தப் பாடங்களுக்கிடையே 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' என்ற ஒன்று உண்டு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறக்கப்படும் அந்தப் பாடம், சமயவாதிகளும் தத்துவ விசாரணை செய்வோரும் வந்து உட்கார்ந்து கேட்கத் தக்கது என்பது என் கருத்து.

அந்தப் பாடத்தின் தோற்றுவாய், கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங் என்னும் இளைஞர் 1936-இல் எழுதிய ஒரு கட்டுரை. இன்று நாம் அறியும் கணினி தோன்றியிராத அந்நாளில் அவர் கூர்ந்து நோக்கியது மனிதனையே: தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிடுகிறவன் ஒரு குறியைப் பார்க்கிறான், தன் அப்போதைய மனநிலைக்கேற்ப அதை அழிக்கிறான், அல்லது வேறொன்றை எழுதுகிறான், பிறகு அடுத்த கட்டத்துக்கு நகர்கிறான். கணக்கிடுதல் இவ்வளவே என்றால், எழுதுவதன் பொருளை அறியாத ஒரு பொறியும் அதைச் செய்துவிடும் என்று காட்டிய அவர், எந்தத் தர்க்க வாக்கியமும் நிரூபிக்கத்தக்கதா அன்றா என்று விதிப்படி தீர்மானிக்கும் பொதுமுறை இருக்கவே முடியாது என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார். தர்க்க முறைமைகளுக்கு இத்தகைய ஓர் எல்லை உண்டு என்று தர்க்கவியலாளர் கூர்ட் கோடெல் 1931-இலேயே கண்டதை ஆதாரமாக்கி, மனித மனம் பொறியினும் மேம்பட்டது என்று 1961-இல் தத்துவஞானி ஜே. ஆர். லூகாஸ் வாதிட்டார். அந்த வாதம் அவசரமானது. மனிதன் அந்த எல்லையைத் தாண்டுகிறான் என்பதற்கு அவன் பெருமிதத்தைத் தவிர வேறு பிரமாணம் காணோம்.

மேனாட்டார் இவ்வளவு கலங்கியதற்குக் காரணம் உண்டு. சொற்களை இடமறிந்து பலவாறு அமைத்துப் பேசுவதும், எந்தச் சூழ்நிலைக்கும் ஏற்பப் பகுத்தறிவைச் செலுத்துவதும் பொறிக்கு இயலாதவை என்று 1637-இலேயே எழுதிய டேக்கார்ட், சிந்தனையை ஆன்மாவின் லட்சணமாகவே நிறுத்திவிட்டார். சிந்தனையைப் பொறி கைப்பற்றினால் ஆன்மாவுக்கு மிஞ்சுவது என்ன என்ற அச்சம் அங்கிருந்து பிறந்தது. 1950-இல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில், பொறி சிந்திக்குமா என்பதற்கு எதிரான ஒன்பது ஆட்சேபங்களை எடுத்துக்கொண்ட டூரிங், முதலாவதாகச் சமய ஆட்சேபத்தையே வைத்து, கடவுள் விரும்பினால் ஒரு யானைக்கும் ஆன்மாவை அருளலாகாதா, அவருடைய சர்வவல்லமைக்கு வரம்பு கட்டுவோர் நீங்கள் அல்லவா என்று, தமக்கு அத்தகைய வாதங்களில் பற்றில்லாதபோதிலும், சமயவாதியின் வாளாலேயே அவரை மடக்கினார்.

ஆனால் சாங்கியனோ சைவ சித்தாந்தியோ அந்தச் சபையில் இருந்திருந்தால், வாதமே வேறு திசையில் சென்றிருக்கும். மனம், புத்தி, அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்கள் பிரகிருதியினின்று தோன்றிய சடப் பொருள்கள்; நிச்சயிப்பதும் தர்க்கிப்பதும் அவற்றின் தொழில்; அவற்றுக்குச் சைதன்யம் இயல்பன்று என்பது அவர்கள் கொள்கை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று கூறி, அமைச்சரோடு கூடிய அரசனாக அதனை உவமிக்கிறது. கணக்கிடும் வேலையை ஒரு சிலிக்கான் தகடு செய்வதைக் கண்டு இந்த மரபில் வந்தவன் திடுக்கிட நியாயமில்லை. (இதைக்கொண்டு நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது வீண்பேச்சு, அவர்கள் விசாரித்தது விடுதலையை.)

இத்துடன் சங்கடம் தீர்ந்ததா என்றால், இல்லை. புத்தியும் சடம், பொறியும் சடம் என்றால், ஒரு சடத்தில் புருஷன் என்னும் ஆன்மாவின் ஒளி படிய, மற்றொன்றில் படியாதிருப்பது ஏன்? புத்தி சத்துவ குணம் மிகுந்த சூக்குமப் பொருள், ஆதலால் பிரதிபலிக்கிறது என்று சாங்கியன் விடை சொல்வான். இது விளக்கத்தைக் காட்டிலும் பெயரிடுதலாகவே எனக்குத் தோன்றுகிறது. சித்தாந்தியின் விடை இன்னும் உறுதியானது. உடலும் கருவிகளும் உயிர்க்கு அளிக்கப்படுவது வினையை நுகர்ந்து கழிப்பதற்காக. நுகர்வோன் இல்லாத இடத்தில் கருவி எவ்வளவு நுட்பமாயினும் அது வெறுங் கருவியே. ஆகவே பொறி சிந்திக்கிறதா என்பதன்று கேள்வி, அதற்கு இன்ப துன்பம் உண்டா என்பதே. ஆனால் பிறர் துன்பத்தை நாம் அறிவது அவர்களுடைய சொல்லையும் செயலையும் கொண்டு செய்யும் அனுமானத்தால் அன்றோ? வலிக்கிறது என்று பொறியும் சொல்லத் தொடங்கிய இக்காலத்தில், அந்த அனுமானத்தின் ஏது எங்கே பழுதுபடுகிறது என்பதை ஒரு சித்தாந்தி தெளிவாக எழுதிக் காட்டவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத் துறையும் இருக்கிறது, கணினி அறிவியல் துறையும் இருக்கிறது. அவ்விரு துறை மாணவர்களும் ஒரு பருவ காலம் கூடி அமர்ந்து, அந்த நான்காம் சூத்திரத்தையும் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்து வாசிக்க, ஆசிரியர்கள் வழிசெய்து தரவேண்டும்.