படித்துப் பார்த்துக் கட்டினால் சூதாகாதா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் கலைந்தபின், நம் பங்கைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் கோயில் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தார். பெங்களூரில் நல்ல வேலையில் இருப்பவர். குடி, புகை என்று யாதொரு கெட்ட பழக்கமும் இல்லாதவர். அவர் கேட்ட கேள்வி இது: "சாமி, ஆரியங்காவுக்குப் போயி லாட்டரிச் சீட்டு வாங்குதாங்களே, அது சூது. ஒத்துக்கிடுதேன். ஆனா நான் குதிரையோட பழைய ஓட்டத்தையெல்லாம் படிச்சு, ரேட்டிங் பாத்து, கணக்குப் போட்டுத்தான் கட்டுதேன். சுப்ரீம் கோர்ட்டே இது திறமைன்னு சொல்லிட்டு. அப்புறம் இதுல பாவம் எங்க இருக்கு?"

அவர் இதைக் கேட்டது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல, திண்ணையில்; எழுதவும் சம்மதம் தந்திருக்கிறார். அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் அல்ல. சொல்ல வேண்டியவற்றில் என் சொந்தக் கதையும் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பண்பொழியில் பந்தயக் குதிரையைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? நம் பக்கத்தில் குதிரை என்றால் ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரை. பெரியவர்களுக்கு ஜட்கா வண்டிக் குதிரை ஞாபகம் வரும். ஆகையால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

சென்னை கிண்டியில் 1777-ஆம் ஆண்டு தொட்டே குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் ஏற்பட்டது 1896-ல். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1974-ல், குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் வந்தது. கிளப் வழக்குத் தொடுத்தது. வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் நடந்து, 1996 ஜனவரி 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவற்றை ஆராய்ந்து பணம் கட்டுவது சட்டத்தின் பார்வையில் சூதாட்டம் ஆகாது. ரம்மி ஆட்டத்தையும் அதே நீதிமன்றம் 1967-லேயே திறமையின் பாற்பட்டது என்று சொல்லியிருந்தது. பின்னர் 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு முத்திரை வைத்தது. ஆனால் அதற்குக் காரணம் குத்தகையும் வாடகைப் பாக்கியும். 1996-ன் தீர்ப்பு அல்ல. நம் வாலிபர் சொன்னது சட்டப்படி சரிதான்.

அவர் படிக்கும் படிப்பும் பொய்ப் படிப்பல்ல. ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் வயது, தாய் தந்தை, பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்க வேண்டிய எடை, முன்பு ஓடிய ஓட்டங்கள், எந்தத் தூரத்தில் எத்தனையாவதாக வந்தது என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். 1,200 மீட்டரில் பறக்கிற குதிரை 2,000 மீட்டரில் மூச்சு வாங்கும். சென்ற முறை ஆறாவதாக வந்த குதிரை, வழி கிடைக்காமல் கூட்டத்துக்குள் அடைபட்டதால் ஆறாவதாக வந்திருக்கலாம். இவற்றைப் பொறுமையாய் ஆராய்கிறவனுக்கும், குதிரையின் பெயர் தன் மகள் பெயராக இருக்கிறது என்று கட்டுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. இதை மறுத்தால் நாம் பொய் சொன்னவர்கள் ஆவோம்.

ஆனால் அந்த ரேட்டிங் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரி ஒருவர் ஒரு எண் கொடுக்கிறார். ஜெயித்தால் எண் ஏறும். தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும். நம் நாட்டில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு. 60 புள்ளிக் குதிரையும் 48 புள்ளிக் குதிரையும் ஒரே ஹாண்டிகாப் பந்தயத்தில் ஓடினால் முன்னது 6 கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயம் வைத்து நிரப்புவார்கள். இதெல்லாம் எதற்கு? எல்லாக் குதிரைகளும் ஒன்றாகவே கோட்டைத் தொட வேண்டும் என்பதற்கு! எந்த எண்ணைப் பார்த்து நம் வாலிபர் ஜெயிக்கும் குதிரையைத் தேடுகிறாரோ, அந்த எண் ஜெயிக்கும் குதிரை என்று ஒன்று முன்கூட்டித் தெரியாதபடி செய்வதற்காகவே உண்டாக்கப்பட்டது. ஆகவே அவர் தேடுவது நல்ல குதிரையை அல்ல. அதிகாரி எங்கே தப்புக் கணக்குப் போட்டார் என்பதை.

அதிகாரி மட்டுமா? இன்னும் ஒரு படி இருக்கிறது. டோட் என்கிற முறையில், கட்டப்படும் பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேர்ந்து, கிளப்பும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின், மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. 1860-களில் பாரீஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் கண்டுபிடித்த முறை அது. நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டினால் ஆயிரம். எடுத்தது போக எண்ணூறு மீதி என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் அறுபது பேர் ஒரே குதிரையை நல்ல குதிரை என்று கண்டு அதன்மேல் கட்டியிருந்து, அதுவே ஜெயித்தால், ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம் வரும். அந்த மாதிரிக் குதிரை பத்துக்கு ஆறு தரம் ஜெயிக்கும் என்று நீங்கள் கணித்தீர்கள். அப்படியே ஆறு தரம் ஜெயித்தும் விட்டது. பத்துத் தரம் கட்டியது நூறு ரூபாய்; திரும்பி வந்தது எண்பது. கணிப்பு சரி, பணம் போயிற்று! இப்போது வரி வேறு: பந்தயத்தின் மேல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம்.

ஆக, ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதாது. மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்காமலும் இருக்க வேண்டும். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஹாங்காங் சென்று, ஓட்டக் கணக்குகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் சில வருஷங்கள் தோற்று, பிறகு அளவிறந்த செல்வம் சேர்த்தார். 1994-ல் தம் முறையை அவரே எழுதி வெளியிட்டார். குதிரைகளைப் பற்றிய தம் கணிப்போடு, ஜனங்கள் எந்தக் குதிரைமேல் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்த பிறகே கணக்கு தேறியது என்கிறார். அதாவது குதிரைகளைப் படித்தால் மட்டும் போதவில்லை. மனிதரையும் படிக்க வேண்டியிருந்தது.

இனி நீதி நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே வைத்தார். நம் திருச்சபையோ, சீட்டுப் போடுவதும் பந்தயம் கட்டுவதும் தன்னிலேயே நீதிக்கு விரோதம் என்று சொல்லவில்லை. சிலர் இதைக் கேட்டு ஆச்சரியப்படலாம். யூதாசின் இடத்துக்கு மத்தியாசை அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். சேசுநாதருடைய அங்கிக்குச் சேவகர்கள் போட்டதும் சீட்டுத்தான். 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில் சொல்வது, தனக்கோ பிறருக்கோ அவசியமானதை இழக்கச் செய்யும்போது இவை ஒவ்வாதவை ஆகின்றன என்பதே. 'பிறருக்கோ' என்ற வார்த்தையைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பழைய நீதி நூல்கள் இன்னொன்றும் கேட்டன: பந்தயம் கட்டும் இருவருக்கும் ஏறக்குறைய சமமான நிலை இருக்கிறதா? முடிவு ஒருவனுக்கு நிச்சயமாய்த் தெரியுமானால் அவன் கட்டக் கூடாது. அது பந்தயமல்ல, களவு.

இங்கேதான் நம் வாலிபரின் வாதம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. "நான் திறமையால் ஜெயிக்கிறேன்" என்பது அவருக்கு நற்சாட்சிப் பத்திரமாகத் தோன்றுகிறது. எவ்வளவுக்கெவ்வளவு திறமை கூடுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு எதிராளியோடு உள்ள சமநிலை குறைகிறது. சகுனி அதிர்ஷ்டத்தால் ஜெயித்தான் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

அப்படியானால் வியாபாரி? புளியங்குடியில் எலுமிச்சை வாங்கி விற்கிறவர் நாளைய விலையை ஊகித்துத்தானே லாபம் பார்க்கிறார்? நியாயமான ஆட்சேபம். வெகு பழைய ஆட்சேபமும் கூட. பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வருகிற வியாபாரி, பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது தெரிந்தும் சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா என்று ரோமாபுரியின் சிசெரோ கேட்டார். அர்ச். தோமாஸ் அக்குவினாஸும் இதே போன்ற கேள்வியை எடுத்து, சொல்லாமல் விற்பது நீதிக்கு விரோதமல்ல. சொல்லி விற்பதோ விலையைக் குறைப்பதோ அதிக புண்ணியம் என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. மனிதனை நெருக்காத பதில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வியாபாரி போனபின் பசித்தவன் வீட்டில் தானியம் இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சை எங்கோ ஒரு வீட்டில் ஊறுகாய் ஆகிறது. டோட் குவியலில் போட்டவனுக்கு என்ன இருக்கிறது? இரண்டு நிமிஷ ஆரவாரம். அதுவும் ஒரு சந்தோஷந்தான். திருவிழாவில் ராட்டினம் ஏறுகிறவனை நான் கண்டிப்பதில்லை. குதிரை வளர்க்கிறவர், தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர் எல்லாரும் அதில் பிழைத்தார்கள். கிண்டி மூடப்பட்டபோது அவர்கள் பட்ட கஷ்டமும் மெய். ஆனால் படித்துக் கட்டுகிறவர் ராட்டினம் ஏற வரவில்லையே. அவர் சம்பாதிக்க வருகிறார்.

இனி என் கதை. என் பெரியப்பா சென்னையில் குமாஸ்தா. இருபது வருஷம் ரேஸ் நோட்டு எழுதியவர். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிண்டிக்குக் கூட்டிப் போனார். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று வாசலுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. அன்று நன்றாக ஜெயித்திருந்தார். அப்போது ஒரு மனிதர், சட்டையெல்லாம் வேர்வை, எங்களிடம் வந்து பஸ்ஸுக்குக் காசு கேட்டார். மூலக்கடைக்குப் போக வேண்டுமாம். வீட்டில் அரிசி வாங்கிவரச் சொன்னார்களாம். பெரியப்பா ஐந்து ரூபாய் கொடுத்தார். அந்த மனிதர் போனபிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே, "ஏல, அவன் ஜாக்கி பேரப் பாத்துக் கட்டுதவன். இவன மாதிரி ஆளு இல்லன்னா நமக்கு ஏதுலே துட்டு?" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டோட்டின் கணக்கைச் சொன்னார். அதை எனக்குச் சரியாகப் புரியவைத்த முதல் ஆசிரியர் அவரே. அந்த ஜனவரியில் என் விடுதிக் கட்டணம் கட்டியது அந்தப் பணத்தில்தான். என் அப்பாவிடம் அப்போது இல்லை. நான் குருவானவன் ஆனதில் மூலக்கடை மனிதரின் அரிசிக் காசு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. கணக்கு முடிவதில்லை.

பெரியப்பா ரேஸினால் கெட்டுப்போகவில்லை. கடன்பட்டு ஓடிப்போகவில்லை. அப்படிக் கெட்டவர்களின் கதையைச் சொல்லி நம் வாலிபரைப் பயமுறுத்தினால், "நான் அவர்களைப் போல் இல்லை" என்று சொல்லிவிடுவார்; சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். நான் அவரிடம் கேட்க விரும்புவது வேறு. நீர் தோற்றால் போவது உம் பணம்; அதற்கு நீரே பொறுப்பு. நீர் ஜெயித்தால் வருவது யாருடைய பணம்? அவர் முகத்தை நீர் பார்த்திருக்கிறீரா? இப்போதெல்லாம் கைப்பேசியில் கட்டுவதால், பஸ்ஸுக்குக் காசு கேட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்பாரும் இல்லை.

பெரியப்பா காலமானபோது அவருடைய நோட்டுகள் என்னிடம் வந்தன. பழைய கோடு போட்ட நோட்டுகள், அழகான கையெழுத்து. தேதி, குதிரை, எடை, ரேட்டிங், தூரம், தம் கணிப்பு, முடிவு, கட்டியது, வந்தது. அந்த டிசம்பர்ப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். வந்த தொகையின் கீழே, செலவுப் பத்தியில், டீ 2 ரூபாய் என்றும், அதன் கீழே பஸ்ஸுக்கு 5 ரூபாய் என்றும் எழுதியிருக்கிறார். நாங்கள் இருவரும் அன்று மின்சார ரயிலில்தான் வீடு திரும்பினோம்.

அந்த நோட்டை நம் வாலிபரிடம் கொடுத்திருக்கிறேன். கணிப்புகளைப் பார்த்துவிட்டு, "பெரியவர் கெட்டிக்காரர் சாமி" என்றார். பங்குத் திருவிழாவுக்கு வரும்போது திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.