ஏமாந்தவர் மீது பாதிக் குற்றமா?

வெளிநாட்டுக்கு ஊர் பார்க்கப் போய், பணத்தைப் பறிகொடுத்துத் திரும்புகிறவர்கள் நம்மவர்களில் என்றும் உண்டு. அந்தச் செய்தி காதில் விழும்போது நாம் என்ன சொல்கிறோம்? முதலில் "அடப் பாவமே" என்கிறோம். அடுத்த மூச்சிலேயே, "ஆசைப்பட்டார், அனுபவித்தார்" என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். ஏமாற்றியவன் மீது பாதிக் குற்றம், ஏமாந்தவர் மீது பாதிக் குற்றம் என்று சரிபாதியாக நிறுத்துவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. இந்த நிறுவை சரிதானா என்று வியாபாரிகளாகிய நாம் சிறிது யோசிக்க வேண்டும். வாங்குகிறவர் மனமும் விற்கிறவர் மனமும் நமக்குத் தெரியாதவை அல்லவே!

நமக்கு அருகிலுள்ள பாங்காக் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே அரண்மனை பார்க்கப் போகிற பிரயாணியை, மதிலோரத்தில் நன்றாக உடுத்திய ஒருவர் நிறுத்துவார். நல்ல ஆங்கிலம் பேசுவார். "இன்று விசேஷ நாள்; அரண்மனை பிற்பகலில்தான் திறக்கும்" என்பார். அதுவரை நாலு கோயில்களைப் பார்த்து வரலாமே என்று, இருபது முப்பது பாட் கூலிக்கு ஒரு துக்-துக் வண்டியையும் பேசிக் கொடுப்பார். (அந்தக் கூலி வண்டிக்கு எண்ணெய் ஊற்றக்கூடக் காணாதே என்று வியாபாரி ஒருவருக்குத் தோன்ற வேண்டாமா?) கோயிலில் மற்றொருவர் தற்செயலாகச் சந்திப்பவர்போல் வருவார். பேச்சு மெல்ல நீலக்கற்களின் பக்கம் திரும்பும். அரசாங்கத்தின் சலுகை விற்பனை நடக்கிறது, இன்றோடு முடிகிறது, நான் போன வருஷம் வாங்கிப்போய் என் ஊரில் இரட்டை விலைக்கு விற்றேன் என்பார். வெளியே வந்து ஏறினால் வண்டி நேரே கல் கடை வாசலில் நிற்கும். அரண்மனையோ அன்று காலை 8.30 மணிக்கே திறந்து, கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

வாங்கி வந்த கல் பெரும்பாலும் போலிக் கல் அல்ல. தந்திரத்தின் நுட்பமே இங்குதான் இருக்கிறது. அது நீலக்கல்தான், ஆனால் மட்டமான கல். கொடுத்த விலையில் சிறு பங்குகூடப் பெறாது. நிறம், தெளிவு, எடை, வெட்டு, சூடு காட்டிய கல்லா இல்லையா என்று பார்த்து மதிப்பிட வேண்டிய சரக்கு அது. பாங்காக்கின் சீலோம் பகுதியில் கல் வியாபாரம் செய்கிற தமிழ் முஸ்லிம்கள் பலர் இருக்கிறார்கள். தொழிலிலேயே இருக்கும் அவர்கள் கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்கிற பொருளை, அரிசியும் துணியும் விற்கிற நாம் கால் மணி நேரத்தில் எப்படி மதிப்பிடுவது?

கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டால், "கல்லைக் கேட்டார், கல்லைக் கொடுத்தேன்; மனமொப்பித்தானே வாங்கினார்?" என்பார். சட்டத்தின் வாயை அடைக்க இந்தப் பதில் பல வேளைகளில் போதுமாக இருக்கிறது. மனச்சாட்சியின் வாயை அடைக்க இது போதுமா?

நம் மார்க்கத்தின் வியாபாரச் சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டு வருகிற கூட்டத்தை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலை தெரிந்துகொண்டால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். அங்கே வெளியூரான் விற்கிறான், இங்கே வாங்குகிறான், அவ்வளவுதான் வேற்றுமை. விலை தெரியாதவனின் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது என்பது இரண்டுக்கும் பொதுவல்லவா? வாங்கும் எண்ணமில்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்குவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் "தற்செயலாக" வந்தவருடைய உத்தியோகம் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு வரலாறும் உண்டு. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு தோழரைக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தடுத்துவிடும்படி அவர் வீட்டாரே நாயகம் அவர்களிடம் வந்து கேட்டார்கள். அவரோ வியாபாரம் செய்யாமல் தம்மால் இருக்க முடியாது என்றார். இதில் ஏமாற்று இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு பேரத்தின்போதும் முன்னதாகவே சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஏமாந்தது உன் குற்றம், வீட்டில் கிட என்று அவரைத் தள்ளிவிடவில்லை. நாம் அவரசப்பட்டுச் சொல்கிற தீர்ப்புக்கும் இதற்கும் எத்தனை தூரம்!

அப்படியானால் கல் வாங்கியவரிடம் தவறே இல்லையா? இருக்கிறது. லாபத்துக்கு ஆசைப்பட்டதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். லாபத்துக்கு ஆசைப்படாத வியாபாரி கடை திறக்கவே வேண்டியதில்லை. தம் கடைக்கு ஒரு மூட்டை அரிசி இறக்கினாலும் கையை விட்டு அள்ளிப் பார்க்கிறவர், அறியாத சரக்கை அறியாத ஊரில் அறியாத மனிதர் சொல்லை நம்பிக் கொள்முதல் செய்தார். இது புத்திக் குறைவு. புத்திக் குறைவுக்கும் பாவத்துக்கும் ஒரே படிக்கல்லைப் போடக்கூடாது.

இஸ்தான்புல்லில் நடப்பது இதைவிட மனத்தை வருத்தும். சப்பாத்துக்குப் பாலிஷ் போடுகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னே நடந்து போவார். பிரஷ் ஒன்று கீழே விழும். கவனியாதவர்போல் போய்க்கொண்டே இருப்பார். நல்ல மனம் படைத்தவர் அதை எடுத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார். உடனே நன்றி பெருக்கெடுக்கும். உங்கள் சப்பாத்தைத் துடைத்துவிடாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார். துடைத்து முடிந்ததும் ஊரிலிருக்கும் நோயாளிக் குழந்தையின் கதை வரும், கூலி கேட்பார், அதுவும் பல மடங்கு. இங்கே ஆசை எங்கே இருக்கிறது? பிடிபட்டது பிரயாணியின் இரக்கம் அல்லவா! "ஆசைப்பட்டார், அனுபவித்தார்" என்ற தீர்ப்பு இந்தத் தெருவில் செல்லாது.

இதைக் கேட்டவர்களில் சிலர், இனிமேல் பிரஷ் விழுந்தால் குனியவே கூடாது என்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. பிரஷ்ஷை எடுத்துக் கொடுக்கலாம். காலை நீட்டாமல் நடையைக் கட்டலாம். அந்த ஊரில் நாள் முழுதும் குனிந்து உழைத்து நேர்மையான கூலி வாங்குகிற பாலிஷ்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பது நாம் செய்கிற அநியாயம்.

"நம்பினால் ஏமாறுகிறோம், நம்பாவிட்டால் அநியாயம் என்கிறீர், என்னதான் செய்வது?" என்று கேட்பீர்கள். நம் கல்லாப்பெட்டியைப் பாருங்கள். வாடிக்கைக்காரர் கொடுத்த நோட்டுகளை அவர் எதிரிலேயே எண்ணுகிறோம். பாக்கிச் சில்லறையை அவரும் நம் எதிரிலேயே எண்ணுகிறார். இருவரில் யாருக்காவது கோபம் வருகிறதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி குர்ஆன் கட்டளையிடுவதும் ஒருவரையொருவர் திருடர் என்று எண்ணுவதற்காக அல்ல. எண்ணிப் பார்ப்பது வேறு, சந்தேகிப்பது வேறு. அரண்மனை மூடியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று ஏச வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, வாசல்வரை நடந்துபோய் நம் கண்ணால் பார்த்துக்கொள்வோம். அவர் நல்லவரானால் அவருக்கு இதனால் நஷ்டமில்லை. இன்றே முடிகிறது, இப்போதே வாங்கு என்று அவசரப்படுத்துகிறவர் மட்டுமே நாம் எண்ணிப் பார்ப்பதை விரும்பமாட்டார்.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருந்துவிடுவதும் நல்லதல்ல. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸுக்கென்றே 1155 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பணம் முழுதும் திரும்பாவிட்டாலும், அடுத்து வருகிற பிரயாணிக்கு அந்தப் புகார் உதவும். ஆனால் பரிகாசம் செய்கிற ஊரில் எவர்தாம் வாய் திறப்பார்?

இதுவரை அயலூர்களைச் சொன்னேன். 2014 நவம்பரில், சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரிலுள்ள ஒரு கடையில், வியட்நாமிலிருந்து ஊர் பார்க்க வந்த தொழிலாளி ஒருவர் 950 வெள்ளிக்குக் கைப்பேசி வாங்கினார். பணத்தைக் கட்டிய பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி வேண்டும் என்றார்கள். கையெழுத்திட்ட தாளில் அது இருந்ததாம். அவர் மண்டியிட்டு அழுது பணத்தைக் கேட்டார். கிடைத்தது 400 வெள்ளி. அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது. மனம் நொந்த சிங்கப்பூர் மக்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். ஒருவர் பரிசாகத் தர முன்வந்த புதிய கைப்பேசியை அவர் வாங்க மறுத்துவிட்டார். கடைக்காரருக்கு 2015-இல் 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் கட்டடத்திலேயே பல வருஷமாக நாணயமாகக் கடை நடத்தியவர்களும் அந்தக் கெட்ட பெயரைச் சேர்ந்து சுமக்க வேண்டியதாயிற்று.