கேடயம் யாருக்கு?

புளியங்கூடலில் நெல் அறுத்த வயல்கள் ஆண்டில் சில மாதங்களுக்குச் சிறுவர்களின் உடைமையாகிவிடும். இரண்டு பூவரசங் கதியால்களை நட்டு, இடையே கயிறு பிடித்து, உயரம் பாய்ந்து பழகுவார்கள். கொட்டிப் பரப்பிய மணலே அவர்களுக்கு மெத்தை. அத்தகைய ஒரு மாலையில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஐம்பது வயதைக் கடந்த மேசன் தொழிலாளி ஒருவர். பதினேழு வயதில் பட்டணத்துக் கல்லூரி ஒன்றுக்காகப் பாய்ந்து வென்றவர் அவர். அவருடைய கால்களைக் கண்டுதான் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது என்று ஊரிலே இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பரீட்சையில் அவர் தேறவில்லை. 1990இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். ஆண்டுகள் சென்று மீண்டு வந்து சாந்துச் சட்டி தூக்கினார்.

"சேட்டிபிக்கற் எல்லாம் இடம்பெயரேக்க போட்டுது, சேர்" என்றார். "கேடயம் மட்டும் பத்திரமா இருக்கும். அது கல்லூரியிலதானே."

அவருடைய குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. வென்றது அவருடைய உடல், வெற்றி கல்லூரியினுடையது. இந்தப் பங்கீட்டை அவரும் நியாயமென்று ஏற்றுக்கொண்டிருக்கிறார். நாமும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆயின், அது நியாயந்தானா?

பங்கீடு பழையது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனைக் கொன்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அரசனுக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு, பாட்டு உண்டு. எதிர்த்து நின்றவனோ வெறுமனே 'ஆமூர் மல்லன்'. ஊரின் பெயரும் தொழிலின் பெயரும் எஞ்சின. தாய் தந்தையர் இட்ட பெயர் எஞ்சவில்லை. உடலையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவனை வரலாறு நடத்தும் முறை அன்றும் இதுவாகவே இருந்தது போலும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. விளையாடியவன் தன் மகிழ்ச்சிக்காக விளையாடினான்; யாரும் அவனை வற்புறுத்தவில்லை; பின்னாளில் அவனைத் தாங்கவேண்டிய கடன் சமூகத்திற்கு எவ்வாறு வந்தது? ஆசிரியர்களிடையே இந்தக் கட்சிக்கு ஆதரவு அதிகம். சோக்கிரதீசைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். நீதிமன்றத்திலே தண்டனையைப் பற்றிப் பேச வந்த சோக்கிரதீஸ், ஒலிம்பியாவில் வென்றவனுக்கு ஏதென்ஸ் நகரம் அளிக்கும் அரச விருந்து உண்மையில் தமக்கே உரியது என்றார் என்பது பிளேட்டோ எழுதி வைத்த செய்தி. ஆனால் அந்த வாதத்தை முழுமையாகப் படிக்கவேண்டும். சோக்கிரதீஸ் சுட்டியது குதிரைப் பந்தயத்திலும் தேர்ப் பந்தயத்திலும் வென்றவர்களை. அவர்களுக்கு உணவு தேவையில்லை, எனக்குத் தேவை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. தேரும் குதிரையும் வைத்திருக்கும் செல்வனுக்கு எதிராகச் சொன்ன சொல்லை, சாந்துச் சட்டி தூக்குபவனுக்கு எதிராகத் திருப்புவது சோக்கிரதீசுக்கும் செய்யும் அநீதியாகும்.

'மகிழ்ச்சிக்காக விளையாடுதல்' என்ற கொள்கையின் பிறப்பையும் சிறிது நோக்கவேண்டும். விளையாட்டால் காசு பெறலாகாது என்ற விதி ஒலிம்பிக் விழாவிலே நெடுங்காலம் நிலவியது. 1980களில்தான் அது தளர்ந்தது. கேட்பதற்குத் தூய்மையான விதி. நிலமும் வட்டியும் சோறு போடுகின்றவனுக்கு அது ஒழுக்கம், மற்றவனுக்குப் பட்டினி. 1912இல் ஸ்ரொக்ஹோமில் இரண்டு பொற்பதக்கங்களை வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், முன்னர் பேஸ்போல் ஆடிச் சிறுதொகை பெற்றார் என்பதற்காகப் பதக்கங்களை இழந்தார்.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவுக்கு நம் பக்கத்து நாடுகளிலிருந்து கல்லூரி வழியே வந்த இருவர் சென்றனர். ஒருவர் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்தவர், வயது பதினேழு. மற்றவர் மராட்டியக் கிராமமொன்றின் மற்போர் வீரர் கே. டி. ஜாதவ், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியைச் சேர்ந்தவர். ஜாதவின் பயணத்துக்காகக் கல்லூரி அதிபர் தமது வீட்டை ஈடு வைத்து 7000 ரூபா கொடுத்தார். ஜாதவ் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மாட்டு வண்டிகள் புடைசூழ ஊர் அவரை வரவேற்றது. பின்னர் என்ன செய்தார்? மற்போர்ப் பந்தயங்களை நடத்தி, அதில் கிடைத்த பணத்தால் அதிபரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். நாட்டுக்குப் பதக்கமும் கொடுத்து, அந்தப் பதக்கத்துக்கு ஆன செலவையும் வென்றவனே அடைத்தான்! 1955இல் பொலிஸ் உப பரிசோதகராகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் பதவி உயர்வின்றிக் கழிந்தன. இறுதியில் ஓய்வூதியத்துக்கே போராட நேர்ந்தது. 1984இல் வீதி விபத்தில் இறந்தார். அர்ச்சுனா விருது வந்தபோது அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

எதிர்வீரசிங்கத்தின் வாழ்வு வேறு திசையிற் சென்றது. 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அந்த விழா நடந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. அதே நாள்களில் இலங்கையில் தமிழர் வீடு வீடாகத் தாக்கப்பட்டனர். மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளானோர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தனர். அந்நிய நகரிலே சிங்கக்கொடி உயர்ந்ததும், சொந்த நாட்டிலே அவருடைய மொழியைப் பேசியவர்கள் ஓடியதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். வெற்றியைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளும் நாடு, வென்றவனையும் தன்னவனென்று எடுத்துக்கொள்கிறதா என்ற கேள்வி இதைக் காட்டிலும் வெளிப்படையாக எழுந்ததுண்டா?

1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றார். அதற்குப் பிறகும் அவருக்கு அறுபது ஆண்டு வாழ்வு மீதி இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை அறிவியல் பயின்றிருந்தார்; கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்; ஆபிரிக்காவிலும் பாப்புவா நியூகினியிலும் கற்பித்தார்; வடபுலத்துக்கு மீண்டும் வந்து கல்வியிலும் விளையாட்டுப் பயிற்சியிலும் ஈடுபட்டார். 2024 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சலிசில் காலமானபோது நாம் ஒரு கல்விமானையும் சேர்த்து இழந்தோம்.

பரிசளிப்பு விழாக்களில் இக்கதையைச் சொல்பவர்கள் விடாமுயற்சி என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். விடாமுயற்சி ஜாதவிடம் குறைவாகவா இருந்தது? 1948இல் லண்டனில் ஆறாம் இடம் பெற்றுத் திரும்பி, நான்கு ஆண்டுகள் உழைத்துப் பதக்கம் வென்றவர் அவர். நமது மேசன் தொழிலாளியிடந்தான் அது இல்லையா? போரிலே எல்லாம் இழந்து, திரும்பி வந்து, பிறருக்கு வீடு கட்டுபவர் அவர். வேறுபாடு குணத்தில் இல்லை. திறந்திருந்த கதவில் இருக்கிறது. பாயும் காலம் முடியுமுன்பே ஒருவருக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. மற்றவர்களுக்கு, கால்களோ தோள்களோ தளர்ந்த அன்றே எல்லாம் அடைபட்டன. தொழிற்சாலையில் தேய்ந்த உடலுக்கு நட்டஈடு கேட்கத் தொழிலாளி கற்றுக்கொண்டான், சங்கம் அமைத்தான். மைதானத்தில் தேய்ந்த இளமைக்குச் சங்கம் ஏது? அங்கே முதலாளி பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம். நட்டஈடு கேட்க நாணும்படி அன்போடு நடத்தும் முதலாளி.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். பாய்ச்சலின் மகிழ்ச்சி மெய்யானது. எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கக்கூடாது என்பதும் மெய்யே. கயிற்றுக்கு மேலே ஒரு கணம் உடல் மிதக்கும்போது அந்தச் சிறுவன் அடைவதை எந்த ஓய்வூதியமும் ஈடு செய்யாது. அந்த மகிழ்ச்சி அவனுடையது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்டது மகிழ்ச்சியை அன்று, கேடயத்தை. எடுத்துக்கொண்டதற்குத்தான் கணக்கு.

கணக்கு என்று சொல்லும்போது என் பங்கையும் எழுதவேண்டும். நான் கணிதம் கற்பிப்பவன். சென்ற மெய்வல்லுநர் போட்டிக்கு முன்பு, நன்றாகப் பாயும் மாணவன் ஒருவனைப் பயிற்சிக்காக ஏழு வாரம் என் பாடவேளைகளிலிருந்து விடுவித்துக் கையெழுத்திட்டேன். யாரும் என்னை நெருக்கவில்லை. அவன் வென்றபோது மற்றவர்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். அவனால் எங்கள் இல்லத்துக்குப் புள்ளிகள் கிடைத்தன. தவறிய பாடங்களை அவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பதென்ற நினைவு அப்பொழுது எழவில்லை. புளியங்கூடல் வயலில் அந்த மனிதர் "கல்லூரியிலதானே" என்று சொன்ன பிறகுதான் எழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை பாடசாலை முடிந்த பின் அவனை நிறுத்தி வைத்தேன். தண்டனை என்று நினைத்து அஞ்சினான். சமன்பாடுகளிலிருந்து தொடங்கினோம், அரை மணி நேரத்தில் அவனுக்குப் பின்னமே விளங்கவில்லை என்பது தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தேன். சன்னலுக்கு வெளியே மற்றப் பையன்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கண் அங்கேயே இருந்தது.