புகுந்தவர் யார்?

தில்லிச் செங்கோட்டையின் கீழ்ப்புறச் சுவரையடுத்து இன்று ஒரு பெருஞ்சாலை செல்கிறது. ஷாஜகான் 1639ஆம் ஆண்டில் தொடங்கி 1648இல் அக்கோட்டையை முடித்தபோது அங்கே யமுனை ஓடிற்று. பின்னர் ஆறு கிழக்கே விலகியது. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், பழைய இரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978இல் கண்ட 207.49 மீட்டரையும் கடந்தது. சாலை மூழ்கியது, வெள்ளம் மீண்டும் கோட்டைச் சுவரைத் தொட்டது. ஆறு நகருக்குள் புகுந்துவிட்டதெனப் பலரும் கூறினர். புகுந்தவர் யாரென்பதை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

வெள்ளம் மலையிலிருந்து மண்ணையும் மணலையும் சுமந்து வருகிறது. விரைந்து செல்லுமிடத்தில் கரையை அரிக்கிறது. தளருமிடத்தில் சுமையை இறக்கிவிடுகிறது. வளைவின் வெளிப்புறம் கரைய, உட்புறம் மணல்திட்டு வளர்கிறது. ஆகவே, நாம் கரையென்று சுட்டுவது நீரும் வண்டலும் இன்று நிற்கும் நிலையைத்தான். நாளை அது வேறிடத்தில் இருக்கக்கூடும்.

அவ்வண்டலில் காய்கறி பயிரிட்டுக் குடிசையில் வாழும் ஏழைகளை 'ஆக்கிரமிப்பாளர்' என்கிறோம். 2004இல் யமுனைக் கரைக் குடியிருப்புகள் பெருமளவில் இடிக்கப்பட்டன. அவர்களும் ஆற்றின் இடத்திலேயே இருந்தனர், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், குடிசை வெள்ளத்தைத் திருப்புவதில்லை. கல்லும் கரையணையும் ஆற்றை நெருக்குகின்றன. நெருக்குண்ட நீர் வேறொருவர் வாயிலுக்குச் செல்கிறது. இவ்விரண்டையும் ஒரே குற்றமென எண்ணுதல் நீதியாகுமா?

தீய எண்ணம் இல்லையேல் தீவினையும் இல்லை என்பார் உண்டு. ஐ.டி.ஓ. தடுப்பணையைப் பாருங்கள். அணையின் மேற்புறத்தில் நீர் தளர்வதால் வண்டல் படிவது இயற்கை. அவ்வணையின் 32 கதவுகளுள் 5 கதவுகள் அந்த வெள்ளத்தின்போது வண்டலில் சிக்கித் திறவாமல் நின்றன. ஊரை மூழ்கடிக்க எவரும் எண்ணவில்லை. ஆனால், மண் படியுமென்று அறியாதவரும் அங்கு இல்லை. அறிந்தும் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிவைப்பதும் ஓர் எண்ணந்தானே! அதனை வினையென்றே நாம் கொள்கிறோம்.

முங்குவோர் நீரடியில் வண்டலை அகற்றிய பின்னரே, ஏறத்தாழ 20 மணி நேர உழைப்பிற்குப் பின், முதற்கதவு அசைந்தது. அவ்வேளையில் அந்த உழவர்கள் குழந்தைகளோடு சாலையோரக் கூடாரங்களில் இருந்தனர்.